ஆயா கேட்ட கேள்வி

கேள்வி:

ராயக்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். வயது 34. பத்தாண்டுகளாக மகளிர் சுயஉதவிக் குழுவில் இருக்கிறேன். முதலில் எங்கள் குழுவின் ஊக்குநர், இப்போது ஊராட்சி அளவிலான கூட்டமைப்பின் செயலாளர். பத்துப் பேர் வட்டமாக உட்கார்ந்தால் எனக்குப் பேச்சு தடையில்லாமல் வரும். மைக் கைக்கு வந்ததும் குரல் கீச்சென்று ஏறிவிடுகிறது, கை நடுங்குகிறது.

சென்ற மாதம் தனியார் நுண்கடன் பற்றி எண்பது பெண்களிடம் பேசினேன். மாலை நான்கரைக்குக் கூட்டம். இருபத்தைந்து நிமிடப் பேச்சை எழுதி, மனப்பாடம் செய்து, கண்ணாடி முன்னால் நின்று ஒப்பித்துப் பார்த்துவிட்டுத்தான் போனேன். ஐந்தாவது நிமிடமே குசுகுசுவென்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். நடுவில் ஒரு ஆயா எழுந்து, "நாளைக்கு வசூலுக்கு வருவார்கள், என்ன சொல்லி அனுப்புவது?" என்று கேட்டார். "கடைசியில் சொல்கிறேன் ஆயா, உட்காருங்கள்" என்றேன். காதில் சரியாக விழவில்லை போலிருக்கிறது, இரண்டு தடவை அதையே கேட்டார். ஐந்தே காலுக்குப் பத்துப் பதினைந்து பேர் எழுந்து போனார்கள். ஆயாவும் போய்விட்டார். நான் முடிக்கும்போது பாதிப் பேர்தான் மீதி.

வருகிற அக்டோபர் 2 கிராம சபையில் இதே விஷயத்தைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். குரல் கம்பீரமாக வர என்ன செய்ய வேண்டும்? பனங்கற்கண்டும் அதிமதுரமும் சாப்பிட்டு வருகிறேன். வாயில் கூழாங்கல் போட்டுப் பேசிப் பழகச் சொல்கிறார் ஒருவர். பேச்சில் சொல்லுக்கு 7 சதவீத மதிப்புதான், மீதியெல்லாம் குரலும் உடல்மொழியும் என்கிறார் ஒரு பயிற்சியாளர். நான் அவற்றைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டுமா? பேச்சின் நகலை இணைத்திருக்கிறேன்.

பதில்:

முதலில் அந்தக் கூழாங்கல்லைத் தூரப் போடுங்கள் அம்மா. கிரேக்கத்தில் டெமாஸ்தனிஸ் என்று ஒரு பேச்சாளர் அப்படிப் பழகினார் என்பது பழைய கதை. பேசும்போது வாய்வழியாகத்தான் மூச்சை இழுக்கிறோம். கல் வாயில் இருந்தால் அதுவும் மூச்சோடு உள்ளே போகப் பார்க்கும். தர்மபுரியில் இருபத்தாறு வருடங்களாகப் பேச்சு, செவித்திறன் சிகிச்சையாளனாக இருக்கிறேன். வேர்க்கடலைக்கே மூச்சுத் திணறிய குழந்தைகளைப் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்.

பனங்கற்கண்டையும் அதிமதுரத்தையும் விட வேண்டியதில்லை. தொண்டைக்கு இதமாக இருக்கும். ஆனால் விழுங்குவதெல்லாம் உணவுக்குழாயில் போகிறது. குரல் பிறக்கும் நாண்கள் மூச்சுக்குழாயின் வாசலில் இருக்கின்றன. கற்கண்டுச் சாறு அங்கே ஒரு சொட்டு பட்டால்கூட இருமி வெளியே தள்ளிவிடுவீர்கள். நாண்களை ஈரமாக வைப்பது உடம்பில் இருக்கும் நீர். மேடை ஏறும்போது ஒரு மடக்குக் குடித்தால் வாய்தான் நனையும், காலையிலிருந்தே குடித்திருந்தால்தான் குரலுக்கு உதவும். தொண்டையைச் செருமும் பழக்கம் இருந்தால் அதைக் குறையுங்கள். ஒரு பெண்ணின் குரல்நாண்கள் பேசும்போது நொடிக்கு ஏறக்குறைய 200 முறை அதிர்கின்றன. செருமல் அவற்றை ஒன்றோடொன்று அறைகிறது. எச்சிலை ஒரு முறை விழுங்கினால் போதும்.

குரல் ஏறுவதன் காரணம் எளியது. பயத்தில் கழுத்துத் தசைகள் இறுகுகின்றன, நாண்கள் இழுபடுகின்றன. வீணைத் தந்தியை முறுக்கினால் சுருதி ஏறுவதைப் போலத்தான். எல்லோரும் 'மூச்சை நன்றாக இழு' என்பார்கள். பயந்த நெஞ்சில் ஏற்கெனவே காற்று முட்டிக்கொண்டு நிற்கும், அதன்மேல் எங்கே இழுப்பது? முதலில் மூச்சை வெளியே விடுங்கள். கடைசிவரை விட்டுவிட்டால் அடுத்த மூச்சு தானே வயிறுவரை இறங்கும். அந்த மூச்சில் முதல் வரியைச் சொல்லுங்கள். கை நடுங்கினால் தாளைப் பிடிக்காதீர்கள், தாள் நடுக்கத்தை ஊருக்கே காட்டிக்கொடுக்கும். குழுவின் தீர்மான நோட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள், அது கனமானது, நடுங்காது.

அந்த 7 சதவீதக் கணக்கு எனக்குப் பழைய எரிச்சல். ஆல்பர்ட் மெஹ்ராபியன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1967இல் செய்த ஆய்வுகளிலிருந்து வந்தது அது. தனிச் சொற்களை வெவ்வேறு தொனியில் சொல்லவைத்து, சொல்பவருக்குப் பிடிக்கிறதா பிடிக்கவில்லையா என்பதைக் கேட்பவர்கள் எப்படி ஊகிக்கிறார்கள் என்று பார்த்தார். விருப்பு வெறுப்பைப் பற்றிய பேச்சுக்குத்தான் இந்தக் கணக்கு பொருந்தும் என்று அவரே சொல்லியிருக்கிறார். அதைப் பயிற்சியாளர்கள் எல்லாப் பேச்சுக்கும் இழுத்து மாட்டிவிட்டார்கள். அது உண்மையானால் நூற்றுக்கு எத்தனை ரூபாய் வட்டி என்பதைக் கையை ஆட்டியே 93 பங்கு விளக்கிவிடலாமே!

இனி உங்கள் கூட்டத்துக்கு வருகிறேன். கடிதத்தை மூன்று முறை படித்தேன். குரலைப் பற்றி ஏழெட்டு வரி எழுதியிருக்கிறீர்கள். எனக்கோ வேறு மூன்று இடங்களில் கண் நின்றது: குசுகுசுத்தவர்கள், ஐந்தே காலுக்கு எழுந்தவர்கள், அந்த ஆயா.

ஐந்தே காலைப் பற்றி முதலில். உங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வீடு மாடு உண்டு. மாலையில் பால் கறந்து சங்கத்தில் ஊற்ற வேண்டாமா? கறவை நேரத்துக்கு எழுந்தவர்களை 'மரியாதை தெரியாமல் எழுந்து போனார்கள்' என்று மனதில் குறித்துக்கொண்டீர்கள் என்று நினைக்கிறேன். மாடு வைத்திருந்த வீட்டில் வளர்ந்தவன் நான். என் அம்மாவாக இருந்தால் நான்கு ஐம்பதுக்கே எழுந்திருப்பார். நேரத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் நான்கு பேரைக் கேட்டிருந்தால் அந்தப் பதினைந்து பேரும் கடைசிவரை உட்கார்ந்திருப்பார்கள். இதற்கு எந்தக் குரல் பயிற்சியும் தேவையில்லை.

குசுகுசுப்பைப் பற்றி என் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஒரு முகாமில் குழந்தைகளின் காது கேட்கும் திறனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். இரண்டாவது வரிசையில் இரண்டு பெண்கள் விடாமல் கன்னடத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கோபம். பேச்சை நிறுத்தி, "நீங்கள் முடியுங்கள், பிறகு நான் தொடங்குகிறேன்" என்றேன். ஊரே திரும்பிப் பார்த்தது. இளையவள் எழுந்து, "அத்தைக்குத் தமிழ் புரியாது சார், நீங்கள் சொல்வதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்" என்றாள். அன்றைக்குப் பட்ட வெட்கம் இன்னும் முகத்தில் இருக்கிறது. அந்தக் கூட்டத்தில் என்னை மிகக் கவனமாகக் கேட்டவள் அவள் ஒருத்திதான். கேட்டு, புரிந்து, இன்னொரு மொழியில் திருப்பிச் சொல்வதென்றால் சும்மாவா?

உங்கள் ஊரிலும் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் உருதும் பேசுகிறவர்கள் உண்டு. குசுகுசுத்தவர்கள் மொழிபெயர்த்தார்களோ, 'உன் தவணை எத்தனை பாக்கி' என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்களோ, நான் அறியேன். நீங்களும் அறிய முயலவில்லை. பேச்சு மனப்பாடமாக இருந்தது, நடுவில் நின்றால் மறந்துவிடும் என்ற பயம். மனப்பாடத்தின் பெரிய கெடுதல் இதுதான். ஒப்பிக்கிறவருக்குக் காது கேட்காது. அடுத்த வரி எது என்று உள்ளே தேடிக்கொண்டிருக்கும் மூளைக்கு எதிரே இருக்கும் முகம் தெரியாது. பத்துப் பேர் வட்டத்தில் உங்களுக்கு ஏன் நன்றாகப் பேச வருகிறது? அங்கே யாராவது புருவத்தைத் தூக்கினால் நின்று விளக்குகிறீர்கள். அந்த ஆள்தான் எண்பது பேர் முன்னாலும் நிற்க வேண்டும்.

எங்கள் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பதினெட்டு நாள் பாரதம் நடக்கும். பகலில் பிரசங்கம், இரவில் கூத்து, கடைசியில் துரியோதனன் படுகளம். சிறுவயதில் எனக்குக் கூத்தைவிடப் பகல் பிரசங்கம் பிடிக்கும். ஒல்லியான மனிதர், குரல் ஒன்றும் பெரிதில்லை. புளியமரத்தடியில் கிழவர்களும் பெண்களும் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு அடி சொல்லி நிறுத்துவார். முன்வரிசையிலிருந்து 'உம்' என்று ஒரு சத்தம் வரும். வந்த பிறகுதான் அடுத்த அடி. 'உம்' தாமதமாக வந்தால் சொன்னதையே வேறு வார்த்தையில் இன்னொரு தடவை சொல்வார். சாலையில் பஸ் போனால் அது போகும்வரை சும்மா நிற்பார், கத்த மாட்டார். பஸ் போனதும் நின்ற இடத்துக்கு ஒரு வரி முன்னாலிருந்து எடுப்பார். ஒரு குழந்தை அழுதால், "பாஞ்சாலிக்காக இந்தப் பிள்ளையே அழுகிறது பார்" என்று அதையும் கதைக்குள் இழுத்துக்கொள்வார். கதை சொல்கிறவருக்கு உம் கொட்டுவது கேட்பவரின் வேலை என்று நினைத்திருந்தேன். இந்தத் தொழிலுக்கு வந்த பிறகுதான், அந்த 'உம்'மைக் கேட்பது அவருடைய வேலை என்றும், அந்த வேலையை அவர் எவ்வளவு நுணுக்கமாகச் செய்தார் என்றும் புரிந்தது.

உங்கள் கூட்டத்தில் வந்த மிகப் பெரிய 'உம்' அந்த ஆயாவின் கேள்வி. இருபத்தைந்து நிமிடத்தில் நீங்கள் விளக்க நினைத்ததையெல்லாம் ஒரே வரியில் கொண்டுவந்து உங்கள் கையில் கொடுத்தார். நாளைக்கு வசூல், வீட்டில் பணமில்லை, என்ன சொல்வது? எண்பது பேரில் பாதிப் பேருக்காவது அதே கேள்வி தொண்டையில் இருந்திருக்கும். கடன் வாங்காதீர்கள் என்று நீங்கள் பேசிக்கொண்டிருந்தீர்கள், அவர்களோ வாங்கி முடித்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். அந்த இடத்தில் பேச்சை மடித்து வைத்துவிட்டு, "ஆயா கேட்பது எல்லோருக்கும் கேட்டதா? நாளைக்கு வசூலுக்கு வந்தால் என்ன சொல்வது என்று கேட்கிறார்" என்று மைக்கில் திருப்பிச் சொல்லியிருந்தால், போகிறவர்களில் நான்கு பேராவது மாட்டை மறந்திருப்பார்கள்.

கேள்வியைத் திருப்பிச் சொல்வதை எப்போதும் செய்யுங்கள். மைக் உங்களிடம் இருக்கிறது, கேட்டவரிடம் இல்லை. பின்வரிசைக்கு உங்கள் பதில் மட்டும் விழுந்தால் அது தலையில்லாத முண்டம். தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் கேட்டவரே அங்கேயே திருத்துவார். பதில் தேட உங்களுக்கும் ஒரு மூச்சு நேரம் கிடைக்கும்.

பதில் உங்களிடம் இருந்ததும்தான் எனக்கு வருத்தம். நகலில் ஏழாவது பக்கத்தில் நீங்களே எழுதி வைத்திருக்கிறீர்கள். ரிசர்வ் வங்கி 2022இல் கொண்டுவந்த நுண்கடன் விதிகள், அதன் கட்டுப்பாட்டில் உள்ள நிறுவனங்களுக்கானவை. இரு தரப்பும் பேசி முடிவு செய்த பொது இடத்தில்தான் வசூல் நடக்க வேண்டும், அங்கே அடுத்தடுத்து இரண்டு முறையோ அதற்கு மேலோ வராவிட்டால்தான் வீட்டுக்கு வரலாம். காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் கடன் வாங்கியவரைக் கூப்பிட்டுத் தொந்தரவு செய்யக் கூடாது. மிரட்டக் கூடாது, சொந்தக்காரர்களை நச்சரிக்கக் கூடாது. குடும்பத்தின் மாத வருமானத்தில் பாதிக்குமேல் கடன் தவணைகளுக்குப் போகும்படி புதுக் கடன் கொடுக்கவும் கூடாது. இவ்வளவு நல்ல சரக்கு ஏழாவது பக்கத்தில்! முதல் ஒன்றரைப் பக்கம் யாருக்கு? மேடையில் இருப்பவர்களின் பெயர் வரிசைக்கு, அப்புறம் "அதியமானும் ஔவையும் வாழ்ந்த மண்"ணுக்கு. நம் இரண்டு மாவட்டங்களிலும் நெல்லிக்கனியைத் தொடாமல் எந்த மேடையும் தொடங்குவதில்லை. அதியமானுக்கே அலுத்திருக்கும்.

ஔவையைச் சொல்லத்தான் வேண்டுமென்றால் நெல்லிக்கனியை விட்டுவிட்டு, அவர் தொண்டைமானிடம் தூது போனதைச் சொல்லலாம். தன் படைக்கலக் கொட்டிலைக் கூட்டிப்போய்க் காட்டினான் தொண்டைமான். மயிற்பீலி அணிந்து, மாலை சூட்டி, நெய் பூசி அடுக்கிய ஆயுதங்கள். அவன் வாயால் சொல்லாததையும் ஔவை கேட்டுவிட்டார்: 'என் பலத்தைப் பார்' என்கிறான். மறுப்பதற்கு எதையும் வெளியிலிருந்து கொண்டுவரவில்லை. உன்னுடையவை இப்படிப் பளபளக்கின்றன, எங்கள் அரசனுடையவையோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றார். அவன் காட்டிய பொருளிலிருந்தே பதில். வீட்டில் எழுதி மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தால் இது வாய்த்திருக்குமா?

அக்டோபர் 2க்கு முன்னால் ஒரு வாரம் நீங்கள் பேச வேண்டாம். கேளுங்கள். பால் சங்க வரிசையிலும் தக்காளி பறிக்கிற காட்டிலும் போய் நின்று, எந்தக் கிழமை யார் வசூலுக்கு வருகிறார்கள், பணம் இல்லாத வாரம் என்ன செய்கிறார்கள் என்று கேளுங்கள். புத்தி சொல்லாதீர்கள். 'அடடா' கூட வேண்டாம், ஒரு 'உம்' போதும். அவர்கள் முடித்துவிட்டார்கள் என்று தோன்றிய பிறகும் மனதுக்குள் மூன்று எண்ணும்வரை சும்மா இருங்கள். உண்மையான விஷயம் பெரும்பாலும் அந்த மூன்றுக்குள்தான் வெளியே வரும். என் அறையில் வாராவாரம் பார்க்கிறேன்: எழுந்து வாசல்வரை போனவர் திரும்பி நின்றுதான், வந்த காரணத்தைச் சொல்வார்.

அப்படிக் கேட்கும்போது சொற்களையும் பொறுக்கிக்கொள்ளுங்கள். நகலில் "ஆண்டு வட்டி விகிதம் 24 சதவீதம்" என்று எழுதியிருக்கிறீர்கள். நம் பெண்கள் வட்டியை வருடக் கணக்கில் பேசுவதில்லை. நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் என்று சொல்லுங்கள், நிமிடத்தில் பிடித்துக்கொள்வார்கள். இன்னொன்று இதைவிடப் பெரியது. தனியார் நிறுவனங்களும் ஐந்தாறு பெண்களைச் சேர்த்துத்தான் கடன் கொடுக்கின்றன. அதற்கும் ஊரில் பெயர் 'குழுக் கடன்'. நம் சுயஉதவிக் குழு மூலம் வங்கியில் வாங்குவதற்கும் அதே பெயர்தான். உங்கள் பேச்சில் 'குழு' என்ற சொல்லை எண்ணினேன், 41 இடங்கள். எந்தக் குழுவைத் திட்டுகிறீர்கள், எந்தக் குழுவில் சேரச் சொல்கிறீர்கள் என்று எனக்கே இரண்டு இடத்தில் குழம்பியது. வாராவாரம் தவணை வாங்கும் கடனுக்கு உங்கள் ஊர்ப் பெண்கள் வேறு ஏதாவது பெயர் வைத்திருப்பார்கள். அதைக் கண்டுபிடித்து அதையே பயன்படுத்துங்கள்.

அந்த ஆயா எழுபதைத் தொட்டவராக இருந்தால் இன்னொரு விஷயமும் கேட்கலாம். தமிழ்நாட்டில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் 1989இல் பன்னாட்டு வேளாண்மை வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு முதலில் தொடங்கியது பிரிக்கப்படாத தர்மபுரி மாவட்டத்தில்தான். கிருஷ்ணகிரி 2004இல்தான் தனி மாவட்டமானது. குழுக்கள் தொடங்கிய அந்த 1989இல் அவருக்கு ஏறக்குறைய உங்கள் வயது. குழு என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்ல அவரிடம் ஏதாவது இருக்கக்கூடும்.

இனி பேசுகிற நாள். இருபத்தைந்து நிமிடத்தை எட்டாக்குங்கள். மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ரால்ஃப் நிக்கோல்ஸ் என்பவர் கேட்கும் திறனை நெடுநாள் ஆராய்ந்தார். பேச்சைக் கேட்டு முடித்த உடனேயே சராசரி மனிதருக்குப் பாதிதான் நினைவிருக்கிறது, இரண்டு மாதத்தில் அது கால் பங்காகிவிடுகிறது என்று 1957இல் எழுதினார். அவர் பார்த்தவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து கேட்ட அமெரிக்கர்கள். மாட்டையும் அடுப்பையும் நினைத்துக்கொண்டு கேட்பவர்களுக்கு இதைவிடக் கூடுதலாக எதிர்பார்க்க வேண்டாம். எனவே ஒரு விஷயம்தான்: வசூலுக்கு வந்தால் என்ன சொல்வது. வட்டிக் கணக்கும் வங்கிக் கடனும் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு வந்தால் வரட்டும்.

கிராம சபையில் உங்களுக்கு முன்னால் தண்ணீர், தெருவிளக்கு, நூறு நாள் வேலைக் கூலி என்று பலர் பேசுவார்கள். அந்த நேரத்தில் உங்கள் பேச்சை மனதுக்குள் ஓட்டிக்கொண்டிருக்காதீர்கள். கூலி வரவில்லை என்று ஒருவர் சொன்னால், "அக்கா சொன்னார்களே கூலி வரவில்லை என்று, அந்த வாரம்தான் நாம் கடனுக்குக் கை நீட்டுகிறோம்" என்று தொடங்குங்கள். பெயர் வரிசையையும் நெல்லிக்கனியையும் ஒரே தாவில் தாண்டிவிடலாம்.

மைக்கை வாயிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி, சற்றுப் பக்கவாட்டில் பிடியுங்கள். நேராகப் பிடித்தால் 'ப'வும் 'ம்ப'வும் வெடிக்கும். ஊதிப் பார்ப்பது, தட்டிப் பார்ப்பது வேண்டாம். "பின்னால் கேட்கிறதா?" என்ற கேள்வியும் வேண்டாம், கேட்காதவர் அதற்கு எப்படிப் பதில் சொல்வார்? "கடைசி வரிசையில் யாருக்கெல்லாம் செவ்வாய்க்கிழமை வசூல்?" என்று கேளுங்கள். கை உயர்ந்தால் கேட்கிறது என்று பொருள்.

கம்பத்துக்குக் கம்பம் கட்டிய குழாய் ஒலிபெருக்கி என்றால் வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். நூறு மீட்டர் தள்ளியிருக்கும் குழாயின் சத்தம், பக்கத்துக் குழாயின் சத்தத்துக்குக் கால் நொடிக்கும் அதிகமாகப் பிந்தி வந்து சேரும். வேகமாகப் பேசினால் உங்கள் சொல்லை உங்கள் சொல்லே மிதிக்கும். நிமிடத்துக்கு 120 முதல் 150 சொல் என்று ஆங்கிலப் பயிற்சிக் கையேடுகள் கணக்குச் சொல்லும். அதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். நம் மொழியில் 'வாங்கிக்கொண்டிருந்தவர்களுக்கும்' என்பது ஒரே சொல். சொல்லை எண்ணுவதைவிட வாக்கியம் முடிந்ததும் நின்று, யாராவது ஒருவர் முகத்தில் அசைவு தெரியும்வரை காத்திருங்கள். உங்களுக்கு அது யுகமாகத் தெரியும். அவர்களுக்கு அது ஒரு மூச்சு.

வயதானவர்களுக்குக் கத்திப் பேசாதீர்கள். வயதில் வரும் செவிக் குறைவு பெரும்பாலும் கீச்சான ஒலிகளைத்தான் முதலில் விழுங்கும். உயிரெழுத்தின் சத்தம் கேட்கும், மெய்யெழுத்தின் கூர்மை போய்விடும். பேசுவது கேட்கிறது, என்ன சொல்கிறார்கள் என்றுதான் தெரியவில்லை என்பார்கள். கத்தும்போது உயிரெழுத்து இன்னும் பெருத்து, மெய்யை அமுக்கிவிடும். குரலும் ஏறும், அது அவர்களுக்கு இன்னும் கஷ்டம். இயல்பான குரலில், முகம் தெரிய, நிறுத்தி நிறுத்திச் சொல்லுங்கள். எழுபதா எண்பதா என்ற இடம் வந்தால் விரல்களைக் காட்டுங்கள். வெயிலுக்கு முதுகு காட்டி நிற்காதீர்கள், உங்கள் முகம் கறுத்துத் தெரியும். காது மந்தமானவர்கள் உதட்டைப் பார்த்துத்தான் பாதியைப் பிடிக்கிறார்கள்.

பதில் தெரியாத கேள்வி வந்தால், "எனக்குத் தெரியவில்லை, கேட்டு வந்து திங்கட்கிழமை உங்கள் வீட்டில் சொல்கிறேன்" என்று சொல்லி, தீர்மான நோட்டில் அவர்கள் கண்ணெதிரே எழுதிக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை போங்கள். அக்டோபர் 2 பிசகினாலும் நவம்பர் 1 உள்ளாட்சிகள் தினத்தில் அடுத்த கிராம சபை இருக்கிறது. வருடத்துக்கு ஆறு, பழகிக்கொள்ள நிறைய இடமுண்டு.

கடைசியாக, அந்த ஆயா. கிராம சபைக்கு முன்பே அவர் வீட்டுக்குப் போய், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிவிடுங்கள். அப்படியே அவர் காதையும் விசாரியுங்கள். ஒரே கேள்வியை இரண்டு தடவை கேட்டது உங்கள் பதில் விழாததால்தான் என்றால், காரணம் வெறும் காதழுக்கு அடைப்பாகவும் இருக்கலாம், வயதாகவும் இருக்கலாம். குச்சி விட்டுக் குடைவதும் எண்ணெய் காய்ச்சி ஊற்றுவதும் வேண்டாம். கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கிறது, ஒரு நாள் பாலை ஊற்றிவிட்டுக் காலை பஸ்ஸில் கூட்டிப் போங்கள். செவித்திறன் குறைவு உறுதியானால் மாற்றுத்திறனாளிகள் நலத் துறை வழியாகக் காதொலிக் கருவி இலவசமாகப் பெற வழியுண்டு. கருவி மாட்டிய முதல் வாரம் பாத்திரம் உருளும் சத்தம்கூட அவருக்கு இடியாக இருக்கும், கழற்றி வைத்துவிடுவார். முதலில் வீட்டுக்குள் ஒரு மணி நேரம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பழக்கச் சொல்லுங்கள்.